மூத்த காளையின் காதெலும்பு

செத்த மாட்டின் எலும்பை அரைத்துப் பொடியாக்குவது என் தொழில். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் ஆய்வகத்தில் இதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். யாராவது கேட்டால் "தொல்மரபணு ஆராய்ச்சி" என்று கம்பீரமாகச் சொல்வேன். தாம்பரத்தில் அம்மா இன்னும் சிக்கனமாக, "கம்ப்யூட்டர் வேலை" என்று முடித்துவிடுவாள். மண்டையோட்டில் துளை போடும் மகளுக்கு வரன் தேடுவதில் உள்ள சிரமம் அவளுக்குத்தான் தெரியும்.

பழைய எலும்புக்குள் கொஞ்சம் டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுத்துப் படித்தால் அந்த விலங்கு எந்த வழியில் வந்தது, எங்கே எதோடு கலந்தது என்பதெல்லாம் ஓரளவு தெரியும். எங்கள் ஆய்வகத்தில் குதிரைக்கு ஒருவர், கோழிக்கு ஒருவர், அழிந்துபோன பறவைகளுக்கு ஒருவர் என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறோம். குதிரைக்காரர் மங்கோலியாவுக்குப் போவார். பறவைக்காரி நியூசிலாந்துக்குப் போவாள். எனக்கு மாடு வாய்த்தது. தேனிக்குப் போகச் சொன்னார்கள்.

"தேனி தமிழ்நாட்டில்தானே இருக்கிறது? நீ தமிழ்நாட்டுக்காரிதானே?" என்று கேட்டார் எங்கள் பேராசிரியர். தாம்பரத்து மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தேனி தெரியும் என்று அவருக்கு நினைப்பு. எனக்கு அந்தப் பக்கத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் திராட்சைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் 'கம்பம்' என்ற சொல் மட்டும்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டி வைத்தேன்.

விஷயம் இதுதான். கம்பம் பள்ளத்தாக்கில், ராயப்பன்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். பெயரை எழுதினால் அடுத்த முறை என்னை உள்ளே விடமாட்டார்கள். அங்கே கோவிலுக்கு நேர்ந்துவிட்ட மாடுகளை அடைக்கும் தொழு ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது ஒரு காளையின் மண்டையோடு கிடைத்தது. சில நூறு வருடப் பழசு போலத் தெரிந்தது. முன்னோர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்குப் பிழைக்க வந்தபோது கூடவே ஓட்டிவந்த மூத்த காளைதான் அது என்பதில் ஊருக்குத் துளியும் சந்தேகமில்லை. மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எங்களுக்கு எழுதினார். எலும்பை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உயிரோடிருக்கும் எனக்கு விசா வாங்கவே அத்தனை பாடு. செத்த காளைக்கு யார் அலைவது? பெங்களூரில் எங்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவாகி, நான் புறப்பட்டேன்.

தேனியில் இறங்கியதும் முதலில் வரவேற்றது காற்று. ஆனி மாதத்துக் காற்றுக்கு அங்கே மட்டு மரியாதை கிடையாது. துப்பட்டாவை ஒரு கையாலும் பெட்டியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோது சிக்கந்தர் பாய் ஜீப்போடு வந்தார். உத்தமபாளையத்துக்காரர். காலையில் மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவதும் அவர் தொழில். ஜீப்பில் ஏலக்காய் மணத்தது. பிரேக்கைத் தவிர மற்ற எல்லாம் ஓரளவு வேலை செய்தது. எதைக் கேட்டாலும் "கொழப்பமில்ல மேடம்" என்பார். தினமும் எல்லை தாண்டிப் போய்வந்து அவர் இறக்குமதி செய்த மலையாளம் அது. ஒரு பிரச்சினையும் இல்லை என்று பொருள். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகினேன்.

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் பேருந்தில் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனாலும் பெயர் கேட்கமாட்டார்கள். இங்கே முதல் டீக்கடையிலேயே என் ஜாதகத்தை விரித்துவிட்டார் பாய்.

"மேடம் ஜெர்மனிலருந்து வந்திருக்காக. டி.என்.ஏ. பாக்குறவுக."

டீக்கடை சட்டென்று அமைதியானது. ஒருவர் மெதுவாகக் கேட்டார். "யாரு வீட்டுக் கேஸு?"

"மாட்டுக் கேஸு."

"மாட்டுக்குமா அப்பன் யாருன்னு தகராறு?"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். "அவருக்குக் கோர்ட்டுல நடந்துக்கிட்டிருக்கு மேடம், பாவம்" என்றார் பாய். உலக அறிவியல் சமூகம் இத்தனை வருடமாக உழைத்து மக்களிடம் கொண்டு சேர்த்தது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். டீ நன்றாக இருந்தது.

மறுநாள் ஊருக்குள் நுழைந்ததுமே கோவில் கமிட்டித் தலைவர் போஸ் வழிமறித்தார். திராட்சைத் தோட்டக்காரர். வெள்ளைச் சட்டையின் பையில் கனமான இரண்டு செல்போன்கள் எட்டிப் பார்த்தன. விருந்தாளி முதலில் தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று அழைத்துப்போனவர், என்னை உட்கார வைத்தது வீட்டுக்குள் அல்ல, மாட்டுக்கொட்டகையில். அங்கே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. என் தாம்பரத்து அறையில் இந்த இரண்டு வசதியும் ஒரே சமயத்தில் இருந்ததில்லை.

"இது மகாராணி" என்றார் போஸ், சிவலை நிறத்தில் சாந்தமாக நின்ற பசுவைக் காட்டி. "ஜெர்சி. இந்தப் பக்கத்துல கறவையில இதை அடிச்சுக்க ஆளு கெடையாது டாக்டரம்மா. சொட்டுத் தண்ணி படாத பாலு. குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். சுடச்சுட, ஆடை மிதக்க, சொல்லிக்கொள்ளும்படியான பால். நான் மாட்டு டாக்டர் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு வயிறு உப்பிய ஆடும், காலொடிந்த சேவலும், அவற்றின் சொந்தக்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். நான் பார்ப்பது செத்த மாட்டை மட்டும்தான் என்று விளக்கினேன். "செத்ததுக்கப்பறம் பாத்து என்ன பிரயோசனம்?" என்று ஆட்டுக்காரர் கேட்டார். என் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும்போது இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்பார்கள்.

தொழு ஊரின் மேற்கு ஓரத்தில் இருந்தது. மலை அதன் தலைக்கு மேலேயே தொடங்குகிறது. திமில் உயர்ந்து, கொம்பு பின்னால் வளைந்து, எலும்பெல்லாம் தெரிய மாடுகள் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்பவள் ஈஸ்வரி. நாற்பதைத் தாண்டியவள், கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிய சேலை, குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். வம்சமாக அவர்கள் குடும்பத்துக்கு இந்த வேலை.

"வாங்க தங்கச்சி. இங்கன நெழல்ல ஒக்காருங்க" என்று கடுங்காப்பி கொடுத்தாள். இத்தனை மாட்டை வைத்துக்கொண்டு ஒரு சொட்டுப் பால் விடாத கஞ்சத்தனத்தை மனதுக்குள் குறித்துக்கொண்டேன். மகாராணியின் பால் ஏற்கெனவே வயிற்றில் இருந்ததால் மன்னித்துவிட்டேன்.

மண்டையோடு கோவில் அறையில், பட்டுத்துணியின் மேல், நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துப் போஸ் அவசரமாகச் சொன்னார். "நீங்க போன்ல சொன்னது அப்படியே செஞ்சிருக்கோம். ஒருத்தர் கையும் படல. திராட்சைக்கு மருந்தடிக்கிற கிளவுஸ் போட்டுத்தான் தூக்குனோம். நெத்தியில மட்டும் ஒரு பொட்டு வச்சோம். பொட்டில்லாம எப்படிம்மா?"

நெற்றிப் பொட்டால் எனக்கு நஷ்டமில்லை. எனக்கு வேண்டியது காதுக்குள் புதைந்திருக்கும் ஒரு துண்டு எலும்பு. உடம்பிலேயே கெட்டியானது அது. எல்லாம் மக்கினாலும் டி.என்.ஏ. அங்கேதான் கடைசிவரை ஒளிந்திருக்கும். நான் விண்வெளிக்குப் போகிறவள் மாதிரி உடை மாட்டிக்கொண்டு துளைக்கருவியை எடுத்தேன். வெளியே கூட்டம். கருவி சத்தம் போட்டதும் ஒருவர் உரக்க வர்ணனை செய்தார். "காதுல கொடையுறாக. காளைக்கு வலிக்காதுல்ல?" சின்னக் குழாயில் கொஞ்சம் பொடி சேர்ந்தது. அவ்வளவுக்கும் அத்தனை பேரும் கும்பிட்டார்கள்.

பொடியை வாங்கிக்கொண்டு நழுவிவிடலாம் என்று இருந்த எனக்கு அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னார்கள்.

மாடுகளை மலையில் மேய்க்க முன்பெல்லாம் வனத்துறையின் அனுமதி கிடைக்கும். இப்போது கிடைப்பதில்லை. வைக்கோல் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. ஊரில் வீட்டுக்கு வீடு கொடுத்தால்தான் நடக்கும். போஸுக்கு இதில் அலுப்பு. இந்த மாடுகள் எப்போதோ கலந்துகட்டியாகிவிட்டன, மூத்த காளையின் வம்சமெல்லாம் அற்றுப்போய்விட்டது, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வெளியூர்க் கோசாலைக்கு அனுப்பிவிட்டுத் தொழு இருக்கும் இடத்தில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்பது அவர் கட்சி. இது மூத்த காளையின் வம்சமேதான், ஒரு கன்றுக்குட்டியைக்கூட அனுப்பமாட்டேன் என்பது ஈஸ்வரியின் கட்சி. அடிதடி வரை போய், கடைசியில் இரண்டு பக்கமும் கோவில் வாசலில் சத்தியம் செய்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். டி.என்.ஏ. என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுவது.

அதாவது என்னிடம் யாரும் கேட்காமலேயே என்னை நீதிபதியாக்கியிருந்தார்கள்.

ஒரே ஒரு மண்டையோட்டை வைத்து இது வம்சம், இது வம்சமில்லை என்று முத்திரை குத்த முடியாது என்றேன். மாடுகள் எல்லாக் காலத்திலும் ஒன்றோடொன்று கலந்தபடிதான் வந்திருக்கின்றன என்றேன். திமில் உள்ள மாட்டை மனிதன் பழக்கியது சிந்துவெளிப் பக்கம். தெற்கே வர வர வழியிலிருந்த காட்டு மாடுகளின் ரத்தமும் அதில் சேர்ந்திருக்கிறது. சுத்தம் என்று எதுவுமே இல்லை என்றேன். எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பேசும்போது நானும் அப்படித்தான் தலையாட்டுவேன்.

"அதெல்லாம் சரி. மிசினு என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் போஸ்.

அடுத்த நாள் ஒப்பிட்டுப் பார்க்கத் தொழு மாடுகளின் வால் முடியை வேரோடு பிடுங்கினேன். எழுத்தில் படிக்கச் சுலபமாக இருக்கிறது. பட்டத்துக்காளை என்று அழைக்கப்படும் பெரிய காளைக்கு அறிவியல் வளர்ச்சியில் ஆர்வமில்லை. நான் மாடு குடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்து உயிர் பிழைத்தேன். ஈஸ்வரி ஓடிவந்து அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, "ஏலே, விருந்தாளிய முட்டுறியா? அறிவிருக்கா ஒனக்கு?" என்று திட்டினாள். அது வெட்கப்பட்டது போலத் தலையைக் குனிந்தது. ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்த எனக்குத் தன் மாற்றுச் சேலையைக் கொடுத்தாள்.

"தங்கச்சி, எனக்குப் படிப்பு கெடையாது. ஒண்ணு கேக்குறேன். ரிசல்ட்டு வேற மாதிரி வந்தா, லாரியில ஏத்துனதுக எங்க போயிச் சேரும்? கோசாலைன்னு சொல்லுறாக. நம்ம பக்கத்துல லாரி ஏறுற மாடு மேக்கதான் போகும். மேக்க போனது திரும்பி வந்து நான் பாத்ததில்ல" என்றாள்.

மேற்கே எல்லை. எல்லைக்கு அப்பால் அடிமாட்டுச் சந்தை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. மாதிரி எடுக்கப் போகிற இடத்தில் இது நடக்கக்கூடாத விஷயம்.

அன்று மதியம் சிக்கந்தர் பாய் வீட்டில் விருந்து. இடியாப்பம், நாட்டுக்கோழிக் குழம்பு. கோழியின் மஞ்சள் காலைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான், ஆனால் இந்த மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் நம் மலைகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது, உலகமெங்கும் மஞ்சள் காலோடு திரியும் கோழிகளெல்லாம் ஒரு வகையில் இந்த மலைக்குச் சொந்தம் என்று சொற்பொழிவாற்றினேன். "அப்ப இது எங்க மலைக் கோழியா?" என்று பாய் பெருமையோடு இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "மொதல்ல சாப்புடுங்க மேடம். கோழிக்குச் சொந்தக்காரங்களச் சொல்லிக்கிட்டே இருந்தா எறங்குமா?" என்றார் அவர் மனைவி. குழம்பு ஆறுவதற்குள் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு பெங்களூர். ஆய்வகம், குளிர், முகமூடி. முடிவு வந்த அன்று கணினித் திரையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்த காளைக்குத் திமில் இல்லை. மூத்த காளை ஐரோப்பிய மாடு. அதிலும் குறிப்பாக, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கும் ஜெர்சி என்ற தீவின் மாட்டினம். போதாக்குறைக்கு, மூத்த காளை பெண்.

எங்கோ வேறு மாட்டின் டி.என்.ஏ. கலந்துவிட்டது என்பது தெரிந்தது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த டி.என்.ஏ. பொடிப்பொடியாக உடைந்து, ஓரங்கள் நைந்துபோயிருக்கும். இதுவோ நீள நீளமாக, புத்தம் புதிதாக இருந்தது. அதிலும் எல்லாமே ஒரே தாய்வழி, ஒரே மாட்டினுடையது போல. ஆய்வகத்தில் ஒருவரையொருவர் சந்தேகித்தோம். நாங்கள் வாங்கும் ரசாயனங்களில்கூடச் சில சமயம் மாட்டின் சுவடு இருக்கும். எல்லாவற்றையும் கழுவினோம், எலும்பில்லாத வெற்றுக் குழாய்களை ஓட்டிப் பார்த்தோம். அவை சுத்தம். அப்படியானால் அந்த மாடு காதெலும்புக்குள்ளேயே புகுந்திருந்தது. நல்லவேளையாக அடியில் கொஞ்சம் நைந்த, உடைந்த, நிஜமான பழைய துண்டுகளும் கிடைத்தன. அவற்றைப் பிரித்துப் படிக்க நாள் பிடித்தது.

அதற்குள் மரியாதைக்காக மதுரைப் பேராசிரியருக்கு "இது முதல் கட்டம், இன்னும் உறுதியாகவில்லை" என்று எழுதியிருந்தோம். அவர் அதிலிருந்து 'உறுதியாகவில்லை'யை மட்டும் கழித்துவிட்டு ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். 'மூத்த காளை காளையே அல்ல, ஜெர்சிப் பசு. ஜெர்மன் ஆய்வகம் அறிவிப்பு.' கூடவே இரண்டு தேசியக் கொடி, ஒரு மாட்டுப் படம்.

சிக்கந்தர் பாய் போன் செய்தார். "மேடம், நாளைக்கு லாரி வருதாம். போஸ் அண்ணன் சொல்லிட்டாக. ஈஸ்வரியக்கா சோறு தண்ணி எறங்காம தொழுவுலயே கெடக்கு." முதல் முறையாக அவர் 'கொழப்பமில்ல' என்று சொல்லவில்லை. அதனால்தான் நான் கிளம்பினேன்.

தேனியிலிருந்து ஜீப் பறந்தது. பறந்ததாகப் பாய் சொன்னார். சின்னமனூரைத் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. பாய் ஒரு தென்னந்தோப்புக்குள் ஓடி, மோட்டார் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். தோப்புக்காரர் கூடவே வந்து, டி.என்.ஏ. அம்மா நான்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, "ஜெர்சி எப்பம்மா நம்ம ஊருக்கு வந்துச்சு? வெள்ளக்காரனுக்கு முந்தியேவா?" என்று சரித்திரத்தில் சந்தேகம் கேட்டார். வரலாற்றுத் துறையில் ஒரு புதிய கிளையைத் தொடங்கி வைத்துவிட்ட பெருமையோடு மறுபடி ஜீப்பில் ஏறினேன்.

லாரி எங்களுக்கு முன்பே வந்து கோவிலடியில் நின்றது. பின்பக்கக் கதவை இறக்கி, மாடு ஏற வைக்கோலும் பரப்பியாகிவிட்டது. கமிட்டி வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள். ஈஸ்வரி தொழு வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ரொம்பத் தூரம் வந்திருக்கீக. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. இருங்க, காப்பி போடுறேன்" என்று தொழுவை ஒட்டியிருந்த தன் வீட்டுக்குள் போனாள். பின்னாலேயே நானும் போனபோது, அந்த நிலையிலும் அவள் எனக்காக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். எதையாவது பேசவேண்டுமே என்று, அசட்டுத்தனமாக, "இன்னிக்காவது கொஞ்சம் பால் விடுங்கக்கா" என்றேன்.

"பாலுக்கு நான் எங்கன போவேன்?"

"வாசல்ல இத்தனை மாடு நிக்குதே."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "சாமி மாட்டுப் பாலுல மனுசருக்குப் பங்கேது தங்கச்சி? கன்னு குடிச்சது போக மிச்சமும் கன்னுக்குத்தான். எங்க வம்சத்துல ஒருத்தரும் இதுகள்ட்டக் கறந்ததில்ல. பாலு வேணும்னா போஸ் அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். மூத்தகாளைக்கு ஊத்துனதே அவுக வீட்டுப் பாலுதான?"

அவள் நீட்டிய டம்ளரை வாங்க மறந்தேன். "மூத்த காளைக்கு எதுக்கு ஊத்துனீங்க?"

"நீங்க வாரதுக்கு முன்னாடி அபிசேகம் பண்ணுனோம்ல. மண்ணுக்குள்ள இருந்து வந்த சாமிய முழுக்காட்டாம வெளியாளு கையில எப்படிக் குடுக்குறது? அண்டா நெறையப் பால ஊத்தி, அதுல எறக்கி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில எடுத்துக் காய வச்சோம். நீங்க சொன்னபடிதான், ஒரு கையும் படல. அந்த கிளவுஸப் போட்டுத்தான் எறக்குனோம்."

ஒருவர்கூட என்னிடம் இதைச் சொல்லவில்லை. மறைத்து அல்ல, குளிப்பாட்டினோம் என்பதையெல்லாம் யாராவது தனியாகச் சொல்வார்களா? பாலிலும் மாட்டின் டி.என்.ஏ. இருக்கும். எத்தனை கெட்டியானாலும் காலம் அரித்த பழைய எலும்பு ஒரு ராத்திரி முழுக்க அதைக் குடித்திருக்கிறது. சொந்த மாட்டின் பாலைத் தொடக்கூடாது என்ற அந்த ஒரு கட்டுப்பாட்டால்தான் மூத்த காளைக்குள் ஜெர்சி புகுந்தது. எங்கள் ஆய்வகத்தில் முகமூடியும் உறையும் போட்டுக்கொண்டு ரசாயனப் புட்டிகளைச் சந்தேகித்த அத்தனை பேரையும் நினைத்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அக்கா, அது எந்த மாட்டுப் பால்?"

"மகாராணி பாலு. வேற மாட்டுப் பாலு ஒரு சொட்டுக் கலக்கக்கூடாதுன்னு போஸ் அண்ணனே கறந்து, மைக்குல பேரு சொல்லிக் குடுத்தாக."

கமிட்டி கூடியிருந்தது. நான் லாரிக்கு முன்னால் நின்று, என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். வந்த முடிவு மூத்த காளையுடையது அல்ல, அபிஷேகப் பாலுடையது. அடியில் கிடைத்த பழைய துண்டுகள் திமில் உள்ள ஆண் மாட்டுடையவை. அதன் தாய்வழி இந்தத் தொழுவில் சில மாடுகளிடம் இருக்கிறது. ஆனால் அதே தாய்வழி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனையோ மாடுகளிடம் இருக்கும். அதனால் வம்சம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நேர்மையாகப் பேசியதில் எனக்கே திருப்தி. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

போஸுக்குப் புரிந்தது. "ரெண்டு பக்கமும் சேராம மழுப்புறீகளேம்மா. மொதல்ல ஜெர்சின்னீக. இப்ப இல்லங்குறீக. நாங்க சத்தியம் பண்ணுனது மிசினுக்கு. மிசினு ஜெர்சின்னு சொல்லிருச்சு. எழுத்துல வந்துருச்சு. மாத்த முடியாது. ஏலே, கயித்த அவுத்து விடுங்கலே!"

"அது உங்க மகாராணியோட பால்தாங்க. சந்தேகம்னா அதோட வால் முடி நாலு குடுங்க, நூத்துக்கு நூறு நிரூபிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

"என் மாட்டு முடியெல்லாம் குடுக்க முடியாது" என்றார் அவர்.

கயிற்றை அவிழ்க்க ஆள் நகர்ந்தபோதுதான் ஈஸ்வரி முன்னால் வந்தாள். கத்தவில்லை. அந்தக் குரலை அவ்வளவு தணிவாக நான் கேட்டதில்லை.

"அண்ணே, மிசினு சொன்னதுதான் முடிவா?"

"அதான் முடிவு. சாமி முன்னால சத்தியம்."

"அப்ப மூத்தகாளை வம்சம் எங்க மாடு இல்ல. சரி, ஏத்துக்கிட்டேன். வம்சம் எதுன்னு டாக்டரம்மா பேரோட சொல்லிட்டாக. ஒங்க மகாராணிதான்."

போஸ் வாயைத் திறந்தார். ஈஸ்வரி அவரை முந்திக்கொண்டாள்.

"மூத்தகாளை வம்சத்து மாடு வீட்டுக் கொட்டாயில நிக்கலாமா அண்ணே? இங்கன கொண்டாந்து கட்டுங்க. அதுக்குக் கன்னுக்குட்டிக எத்தன இருக்கோ அம்புட்டையும் பத்திட்டு வாங்க. பொட்டு வச்சு, மாலை போட்டு, நானே பாத்துக்குறேன். ஒண்ணே ஒண்ணு. இன்னிக்குச் சாயங்காலத்துலருந்து அதுகிட்ட ஒரு சொட்டுக் கறக்கக்கூடாது."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் லாரி டிரைவர். அப்புறம் எல்லோரும். ஆட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல், "சத்தியம்னா சத்தியம்தான போஸு? மிசினு சொல்லுச்சுன்னா செஞ்சுதான ஆகணும்" என்று நியாயம் பேசினார். இரண்டு பெண்கள் உண்மையாகவே மாலை கட்டப் பூ இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். போஸ் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். சாரல் இறங்கிக்கொண்டிருந்தது.

போஸ் தொண்டையைச் செருமினார். "மிசினுன்னா... அதுவும் தப்புப் பண்ணத்தான செய்யும். என்னம்மா?"

"பண்ணும். நிறையப் பண்ணும்" என்றேன். என் தொழிலுக்கு நான் செய்த பெரிய துரோகம் அது, இதுவரை வருத்தப்படவில்லை.

வைக்கோலை உள்ளேயே விட்டுவிட்டு லாரிக் கதவை மேலே தூக்கினார்கள். அந்த வைக்கோல் யாருடையது என்று டிரைவர் கேட்டதும் ஈஸ்வரி கொஞ்சமும் தயங்காமல் அதை இறக்கித் தொழுவுக்குள் போடச் சொன்னாள். பட்டத்துக்காளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுதபோது எனக்கும் கண் கலங்கியது. துப்பட்டா காற்றில் போயிருந்ததால் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன்.

மாலை கட்டப் போன பெண்கள் பூவோடு திரும்பி வருவது தெரிந்ததும் போஸ் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "கறக்குற நேரமாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார்.